சிவப்பு மையில் இருநூறு அடி

2603 ஆகஸ்ட், வியாழன். நம் கணக்கில் 1943. ஜப்பான்காரன் கணக்கிலேயே வருஷத்தை எழுதப் பழகிவிட்டேன்.

பத்து பெரெண்டாம் என்ற ஊரில் போடும் விமான ஓடுபாதையில் அன்றன்று முடிந்த நீளத்தை வரைபடத்தில் சிவப்பு மையால் நிரப்புவது, கணக்கெழுதும் கிராணியான என் வேலை. வேலை பின்தங்கினால் ஆட்களுக்கு அடி விழும். அதனால் போன வாரம், போடாத இருநூறு அடியையும் சிவப்பாக்கினேன். மழை விட்டதும் ஈடுகட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

இன்று ஜப்பானிய அதிகாரி படத்தைப் பார்த்துச் சிரித்தார். வேலை முந்திவிட்டதாம், நாற்பது பேர் மிச்சமாம். அவர்களைச் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பப் போகிறார். காலைக்குள் பெயர்களை நான்தான் எழுதித் தர வேண்டும். சயாமுக்குப் போனவர்களில் ஒருவரும் திரும்பியதாகக் கேள்வியில்லை. உண்மையைச் சொன்னால் என் தலை போகும்.

சாயங்காலம், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் முத்தையா, என் வீடு இருக்கும் காஜா பெராங் வரை என்னோடு சைக்கிளில் வந்தார்.

“கிராணி ஐயா, ஒரு வாரமா நம்ம ஆளுங்க யாருக்கும் அடி விழல. எல்லாம் ஒங்க புண்ணியம்.”

நான் சைக்கிளை வேகமாக மிதித்தேன்.

இப்போது பட்டியல் தாளின் முதல் வரியில் என் பெயரையே எழுதினேன். உடனே கோடு போட்டு அடித்துவிட்டேன். அதிகாரி முத்திரை குத்தித் தந்த தாள் இது ஒன்றுதான்; காலையில் இதையே அவரிடம் கொடுத்தாக வேண்டும். கோட்டுக்கு அடியில் என் பெயர் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.