சுதர்சன் சரிசெய்த கம்ப்யூட்டர்

ஏ.எஸ்.ராவ் நகர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சுபாவுக்கு,

அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். டப்ளினில் மழை விட்டதா, நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று நினைத்துக்கொண்டேதான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே “அம்மா, ப்ளீஸ்” என்பாய், அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுதர்சனும் அவன் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். நீங்கள் இருவரும் சில மாதமாகப் பேசுகிறீர்கள், நாங்களும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதானே வரச் சொன்னோம். அன்று காலைதான் உங்கப்பா அப்டேட் போடுகிறேன் என்று போட்டு, நம் லினக்ஸ் கம்ப்யூட்டர் கருப்புத் திரையில் ‘கெர்னல் பேனிக்’ என்று எழுதிவிட்டு நின்றுபோயிருந்தது. வந்தவர்கள் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் கேசரி கிண்டப் போய்விட்டேன். உங்கப்பாவுக்குப் பேச விஷயம் கிடைக்கவில்லை போலிருக்கிறது, அதை அவனிடம் சொல்லித் தொலைத்தார். மாப்பிள்ளைக்கு அது போதாதா, சாவிக்கொத்தில் பென்டிரைவைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிற பிள்ளை. லினக்ஸெல்லாம் சர்வருக்குத்தான் அங்கிள், வீட்டில் யாராவது வைப்பார்களா என்று சிரித்தானாம். யார் வைத்தது என்று கேட்கவில்லை. பிளான்ட்டில் இருபத்தெட்டு வருஷம் சர்க்யூட் போர்டுகளோடு மல்லுக்கட்டியவள் அடுப்படியில் நிற்கிறாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும், கேட்டால்தானே தெரியும்.

நான் காபித் தட்டோடு வந்தபோது, அவன் அந்தப் பென்டிரைவைச் செருகி வேறு சிஸ்டம் ஏற்றக் கிளம்பியிருந்தான்; டிஸ்க் முழுவதையும் அழிக்கட்டுமா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது, அவன் விரல் என்டரின் மேல். அதில் என்ன இருக்கிறதென்று தெரியுமா தம்பி என்றேன். “டென்ஷன் நக்கோ, கவலைப்படாதீங்க ஆன்ட்டி, பழைய ஃபோட்டோஸ்தானே, எல்லாம் க்ளவுட்ல இருக்கும்” என்றான். உங்கப்பா அமீன்பூர் ஏரிக்கரையில் கால்கடுக்க நின்று எடுத்த பறவைகள் அத்தனையும் அதில்தான், ஒன்றைக்கூட க்ளவுடில் போட்டதில்லை. நான் வேறொரு டிஸ்கில் நகல் வைத்திருக்கிறேன், அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது, தெரியாமலேதான் விரலை வைத்திருந்தான். உங்கப்பா முகம் வெளுத்தும் தடுக்காமல் நிற்கிறார், மாப்பிள்ளை மனசு நோகக்கூடாதாம். நான் பென்டிரைவை உருவி அவன் கையில் கொடுத்து, கொஞ்சம் எழுந்திருங்கள் என்றேன்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆன் ஆகும்போது வருகிற மெனுவில் முந்தைய கெர்னலை, அதாவது சிஸ்டத்தின் அடிப்படை நிரலின் பழைய பதிப்பை, தேர்ந்தெடுத்ததும் மெஷின் உயிர் பெற்றுவிட்டது. பூட் பகுதி முழுக்கப் பழைய கெர்னல்கள் அடைத்துக்கொண்டு, புதியது அரைகுறையாக ஏறியிருந்தது. வேண்டாதவற்றை நீக்கி இடம் பண்ணி, அப்டேட்டை மறுபடி முடித்து ரீஸ்டார்ட் செய்தேன், காபி ஆறுவதற்குள் எல்லாம் ஆயிற்று. அத்தனை நேரமும் அந்தப் பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நான் செய்வதையெல்லாம் உங்கப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான், அதிலும் பாதி தப்பு. அவன் அம்மா, இவனை நம்பித்தான் ஆபீஸில் ஒரு டீமே ஓடுகிறது என்றார்கள். பாவம் அந்த டீம்.

தெரியாமல் இருப்பதில் தப்பில்லை சுபா, அதோடு நான் விட்டிருப்பேன். நேற்று உன் மெசேஜ் வந்தது, சுதர்சன் நம் கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுத்தாராமே, தேங்க்ஸ் சொன்னீர்களா என்று. உங்கப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். பிறகு அவரே அவர்கள் வீட்டுக்குப் போன் போட்டு, இப்போதைக்கு நாள் பார்க்க வேண்டாம், பெண்ணோடு பேச வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்தார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

முடிவு உன்னுடையது. அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றால் முன்னால் நின்று நடத்தி வைக்கிறோம். தேங்க்ஸை மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள், மகராசியாக இரு. உன் லேப்டாப்பை இந்த வாரமாவது நகல் எடுத்து வை.

உன் அம்மா,
மங்கையர்க்கரசி