தமிழினி சொன்ன மூன்று வரி

பம்மல்
நவம்பர் 19

அன்பு மகள் ஜெரூஷாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே திடமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் டப்ளின் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையும் மாலையும் என் ஜெபம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் மழையைச் சாக்குச் சொல்லி நடக்கப் போவதை நிறுத்திவிட்டார், நீ ஒரு வார்த்தை கண்டித்துச் சொல். நம் தெருவில் மூன்று நாளாகத் தண்ணீர் நிற்கிறது, ஷேர் ஆட்டோ மெயின் ரோட்டோடு திரும்பிவிடுகிறது, இருந்தாலும் பிள்ளைகள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் டான்ஸ் கிளாசுக்கு நம் மாடியேறி வந்துவிடுகிறார்கள். ஜாஸ்மின் அக்கா மகன் அங்கே வருகிறான், ஊறுகாயோடு இந்தக் கடிதத்தையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே விடும்மா என்று சொல்லிவிடுகிறாய், எழுதினால் நீ முழுதாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

சூர்யா உனக்குப் போன் செய்து அழுதானாம். அம்மா கிட்ட நீ பேசுக்கா, என் பொழப்பே போச்சு என்றானாம். உனக்கு மனசு இளகிவிட்டது, அவன் நம் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன்தானே என்கிறாய். அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். பத்தொன்பது வயதில் கிளாசில் எனக்கு உதவிக்கு வந்தான், பதினோரு வருஷம் என் பக்கத்தில் நின்று பார்த்தான். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அரை மணிக்கு மேல் கிளாஸ் கிடையாது, யானை நடை, தவளைக் குதி, கைதட்டு, அவ்வளவுதான். ஆறு, ஏழு வயதில்தான் வரிசை ஸ்டெப். பத்து வயதுவரை யார் உடம்பையும் கை வைத்து வளைக்கக் கூடாது, பிள்ளைக்கு அர்த்தம் சொல்ல முடியாத பாட்டுக்கு ஆட விடக் கூடாது. நர்சரி டீச்சராக இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து நான் கற்றது இது. அத்தனையும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் குரோம்பேட்டையில் கண்ணாடிச் சுவர் வைத்து ஸ்டுடியோ திறந்தான், ஒரே வருஷத்தில் பிள்ளையை டிவி மேடையில் நிறுத்துகிறேன் என்று போர்டு போட்டான். போகட்டும், அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

தமிழினி உனக்கு ஞாபகம் இருக்கும், தண்ணீர் டேங்க் பக்கத்து வீட்டுக் குழந்தை, அப்பா திருமுடிவாக்கத்தில் லேத்தில் வேலை செய்கிறார். நம் கிளாசில்தான் ஆடிக்கொண்டிருந்தாள், டிவி ஆசையில் அவள் அம்மா அங்கே மாற்றிச் சேர்த்தாள். ஏழு வயதுக் குழந்தையை இரண்டு பக்கமும் கால் நீட்டி உட்காரச் சொல்லி, இறங்கவில்லை என்று தோளைப் பிடித்துக் கீழே அழுத்தியிருக்கிறான். இடுப்பில் எலும்பு வளரும் இடமே பிய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம், ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. நீ நர்ஸ், இதற்கு மேல் நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு அவன் என்ன செய்தான் தெரியுமா, பெற்றோர் வாட்ஸப் குரூப்பில், இந்தக் குழந்தை அமலராணி மிஸ்ஸிடமிருந்து வந்தது, அங்கேயே அடிப்படைப் பயிற்சி சரியில்லை, உடம்பு அப்போதே கெட்டுவிட்டது என்று போட்டான். தமிழினி அம்மாவும் அதை நம்பினாள். ஒருநாள் சாயங்காலம் நம் கேட்டைப் பிடித்து உலுக்கி, “எம்பொண்ணு கால ஒடச்சிட்டு இன்னா தைரியத்துல இன்னும் கிளாஸ் எட்துகினு கீற” என்று தெருவே கேட்கக் கத்தினாள். நாற்பது பிள்ளைகள் வந்த மாடிக்குப் பதினொன்றுதான் வந்தது. கடைக்குப் போனால் தெரிந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த ஆடி மாதம் முழுக்க நான் பட்டதை உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் நீ டிக்கெட் போட்டு வந்துவிடுவாய்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் குழந்தையைப் பார்க்க நானே போனேன். அவள் அம்மா உள்ளே விடவில்லை, அவள் அப்பாதான் விட்டார். குழந்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, “சூர்யா அண்ணா தோள அமுக்கினாரு மிஸ், வலிக்குதுன்னு சொன்னேன், நிறுத்தல” என்றாள். அவள் அம்மா வாசற்படியில் நின்று கேட்டாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், நான் சரி என்றேன். ஆனால் எனக்கு அவள் மன்னிப்பு போதவில்லை. அவன் எத்தனை பேர் முன்னால் என்னை இழுத்தானோ அத்தனை பேர் முன்னால் அவனை இழுக்க வேண்டும்.

அக்டோபரில் குரோம்பேட்டை மண்டபத்தில் அவன் ஆண்டு விழா. காயம் பட்ட குழந்தையை மேடைக்குக் கூப்பிட்டு தைரியசாலி என்று ஷீல்டு கொடுக்கப்போகிறேன் என்று அவனே குரூப்பில் போட்டான், தன் பேரைக் கழுவிக்கொள்ள. அதைப் பார்த்ததும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. நாலு சாயங்காலம் தமிழினி வீட்டுக்குப் போய், ஆக்‌ஷன் சாங் சொல்லித்தருவது போல மூன்று வரி சொல்லித்தந்தேன். அவள் என்னிடம் சொன்ன அதே மூன்று, ஒன்றும் நான் சேர்க்கவில்லை. அவள் அம்மா சம்மதித்தாள், அப்பாவுக்கு மனசில்லை. நம் வீட்டு அப்பாவும் மண்டபத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், நான் தனியாகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். முந்நூறு பேர் இருப்பார்கள். அவன் என்னைப் பார்த்துக் கும்பிடு போட்டான், அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். குழந்தையிடம் மைக்கை நீட்டி, “தங்கம், இப்ப எப்டி கீற, எல்லாருக்கும் சொல்லு” என்றான். அவள் முதல் வரி சொன்னாள், இரண்டாவது சொன்னாள், மூன்றாவது மறந்துவிட்டது. ஸ்டெப் மறந்த பிள்ளைகள் பார்ப்பதைப் போல என்னைப் பார்த்தாள். நான் வாயை மட்டும் அசைத்துக் காட்டினேன், நிறுத்தல என்று. அவளும் சொன்னாள்.

பிறகு நடந்தது உனக்கு அவனே சொல்லியிருப்பான். அப்பாமார்கள் மேடை ஏறினார்கள், யாரோ சட்டையைப் பிடித்தார்கள், அவன் மைக்கைக் கீழே போட்டுவிட்டுப் பின்பக்கமாக ஓடினான். ஒரே வாரத்தில் கட்டட ஓனர் காலி செய்யச் சொல்லிவிட்டார், போர்டு இறங்கியதை நான் பஸ்ஸிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். போன வாரம் நம் கேட்டுக்கு வெளியே மழையில் நின்று மிஸ், மிஸ் என்று கூப்பிட்டான், நான் ஜன்னலைச் சாத்தினேன். நம் சர்ச் ஐயர் அம்மா வீட்டுக்கே வந்து மன்னித்துவிடுங்கள் என்று ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள், நான் ஆமென் சொல்லவில்லை. இரண்டு மாதமாகத் திருவிருந்துக்கும் எழுந்து போகவில்லை, மனசில் மன்னிக்காமல் பொய்யாகப் போய் நிற்க எனக்கு வராது. அவன் திரும்ப எங்கே கிளாஸ் ஆரம்பித்தாலும் அந்தத் தெருவுக்கு நான் போவேன், இதை அவனிடமே சொல்.

மாடியில் இப்போது நாற்பத்தாறு பிள்ளைகள். தமிழினி மட்டும் வரவில்லை. அன்றைக்கு மண்டபத்தில் எல்லாரும் எழுந்து கத்தியபோது அவள் காதைப் பொத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே பயத்தில் பாவாடை நனைய நின்றாள், அவள் அம்மாதான் ஓடிவந்து தூக்கினாள். நான் அப்போது அவன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் நன்றாகிவிட்டது, ஆடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றார்கள். நேற்று அவளுக்குப் பிடிக்கும் என்று தேங்காய் பன் வாங்கிக்கொண்டு கூப்பிடப் போனேன். அவள் அம்மா உள்ளே போய், மிஸ் வந்திருக்காங்க வா என்றாள். குழந்தை கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டது என் காதில் விழுந்தது, “இப்ப இன்னா சொல்லணுமாம்மா?” பன்னை அங்கே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அப்பாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே, மாப்பிள்ளைக்குக் காரம் ஆகாது என்பதால் தனியாக ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன். சூர்யா மறுபடி கூப்பிட்டால் எடுக்காதே, எனக்காக எடுக்காதே. கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் ஒரு தீங்கும் அண்டாமல் காக்கட்டும், நீ ஜெபிக்கும்போது தமிழினியின் பேரையும் சொல்.

என்றும் உன்
அம்மா அமலராணி