ஐந்து பேர் உட்காரும் வண்டி

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மூன்று பேரும் நலம். உன் நலத்தை நீ எழுதினால்தான் எங்களுக்குத் தெரியும். எழுத மாட்டாய். போனையும் எடுக்க மாட்டாய். ஆனால் ஒரு பொருளைப் பற்றிக் கேட்டால் பதில் போட்டுவிடுவாய். போன வருடம் தண்ணீர் மோட்டார் ஏன் இரைகிறது என்று கேட்டேன். படம் வரைந்து இரண்டு பக்கம் அனுப்பினாய். அம்மா அதை மூன்று முறை படித்தாள். மோட்டாரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதனால் இப்போதும் ஒரு பொருளைப் பற்றித்தான் கேட்கிறேன்.

அப்பா கார் வாங்கப் போகிறார்.

இந்த ஒரு வரியை எழுத இரண்டு நாள் ஆயிற்று.

அம்மாவின் முழங்கால் மோசம். வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போக வேண்டும். பஸ் படியில் ஒரு காலை வைத்துவிட்டு அடுத்த காலுக்காக நிற்கிறாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். சின்ன வண்டி என்றால் குனிந்து உள்ளே விழ வேண்டும். பெரிய வண்டி என்றால் மறுபடியும் ஏற வேண்டும். நடுத்தரமாக ஒன்றைப் பார்த்திருக்கிறோம். இருக்கை அவள் இடுப்பு உயரத்துக்குச் சரியாக இருக்கிறது. அப்படியே உட்கார்ந்து காலைத் திருப்பிக்கொண்டால் போதும்.

குறை சொல்ல ஒன்றுமில்லை, மயங்கிப் போகவும் ஒன்றுமில்லை, நல்ல மாப்பிள்ளை மாதிரி என்றேன். உங்கம்மா என்னையும் அப்படித்தான் பார்த்து முடிவு பண்ணினா என்றார் அப்பா.

ஷெட்டைக் காலி செய்து டேப் வைத்து அளந்துவிட்டார். வண்டி உள்ளே போகும். ஆனால் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி நிற்கும். அந்தப் பக்கப் பின் கதவு திறக்காது. எந்தப் பக்கத்தைச் சுவருக்குக் கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்டார். நான் டேப்பைச் சுருட்டினேன். தரையில் பழைய வண்டியின் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது.

ஷோரூமில் ஒரு பெண். படபடவென்று பேசுகிறாள். "இது பக்காவா குடும்ப வண்டி சார், அஞ்சு பேர் தாராளமா உக்காரலாம். நீங்க வீட்டுல எத்தனை பேர்?" என்று கேட்டாள். அப்பா நாலு என்றார். அதே நேரத்தில் அம்மா அஞ்சு என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா எல்லாக் கதவையும் விரலால் தட்டினார், பானையைத் தட்டிப் பார்ப்பது போல. பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, அடியில் இருக்கும் கம்பியை இழுத்து, இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளினார். உனக்குத் தெரியும், அவர் எவ்வளவு உயரம் என்று. கால் அந்தரத்தில் தொங்கியது. "சார், கால் எட்டலையே" என்றாள் அவள். எட்டும் என்றார். முன்னால் இழுக்க விடவில்லை.

அந்த அளவு யாருடையது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் கடைக்குட்டி சுண்டு போய் ஆறு வருடம் ஆகிறது. நீ பின்னால் எடுத்த வண்டியில் அடிபட்டுப் போனாள். நாம் இரண்டு பேரும் இதை எழுதியதே இல்லை, இப்போது எழுதிவிட்டேன். அந்த மாதமே நீ கிளம்பினாய். அப்பா வாய் திறந்து சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன்: இந்த வண்டி முழங்காலுக்கு மட்டும் இல்லை. வண்டி வந்தால் நீ வருவாய் என்று நினைக்கிறார். நீ சரி என்று சொல்லாமல் கையெழுத்துப் போட மாட்டாராம். சாம்பல் நிறத்தில் ஒன்றை மாதக் கடைசி வரை நிறுத்தி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்விகள்: பெட்ரோலா டீசலா? தானாகவே கியர் மாறும் வண்டி நம்பகமானதா? வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் இருந்தால் போதுமா?

பதில் எழுது. நல்ல சாப்பாடு சாப்பிடு.

உன் அன்புத் தங்கை


*


அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் நான்கு பக்கமும் வந்தது. அம்மா கண்ணாடியைத் தேடக்கூடப் பொறுக்காமல் என்னை வாசிக்கச் சொன்னாள். பெட்ரோல் போதும், கியர் தானாக மாறுவது அம்மாவின் மருத்துவமனைத் தெருவுக்கு நல்லது, டிக்கியில் சக்கர நாற்காலி மடித்து வைக்க இடம் இருக்கிறதா பார். எல்லாவற்றையும் அப்பா ஒரு தாளில் எழுதிக்கொண்டார். சக்கர நாற்காலியா, எனக்கு எதுக்கு, நான் என்ன படுத்துட்டேனா, திமிரு பிடிச்சவன் என்று அம்மா உன்னைத் திட்டினாள். ஆறு வருடத்தில் முதல் முறையாக நல்ல குரலில் திட்டினாள்.

கடைசிப் பக்கத்தை நான் வாய்விட்டு வாசிக்கவில்லை. முடிந்துவிட்டது என்று சொல்லி மடித்துவிட்டேன்.

அதில் நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். பின் கதவு திறந்தால் ஓட்டுபவருக்கு முன்னால் விளக்கு எரியுமா என்று. இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தாய். கீழே சின்ன எழுத்தில்: அன்று கதவுச் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை, என் காதை நான் நம்புவதில்லை, அதனால்தான் ஓட்டுவதில்லை.

எரியும். நான்கு கதவுக்கும் தனித்தனியாக எரிகிறது. சோதித்துப் பார்த்தேன்.

அதற்கு மேல் எழுதப் பேனா போகவில்லை. ஓட்டிப் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான்தான் ஓட்டினேன். ஆம், லைசென்ஸ் எடுத்துவிட்டேன். முன்னால் போகும் வரை நன்றாக ஓட்டுவேன். அப்பா பக்கத்தில். பின்னால் அம்மாவும் ஷோரூம் பெண்ணும், நடுவில் காலி. பொத்தானை அழுத்தக் கை வைத்தேன். அப்பா சும்மா இருந்திருக்கலாம். உன்னைப் பெட்ரோல் பங்கில் மறந்துவிட்டு இரண்டு மைல் போன நாளில் ஆரம்பித்த வழக்கம், வண்டி எடுக்கும் முன் ஆளுக்கு ஒரு எண் சொல்வது, எத்தனை வருடம் கழித்தும் நாக்கில் உட்கார்ந்திருக்கிறது போலும்.

ஒண்ணு, என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ரெண்டு என்றாள். பிறகு உன் இடம். அதைத் தாண்டி நான் நாலு என்றேன்.

ஷோரூம் பெண்ணுக்கு இது ஏதோ விளையாட்டு என்று பட்டிருக்கிறது. "மூணை விட்டுட்டீங்களே மேடம்" என்று சிரித்தாள். "சரி, நான் அஞ்சு!"

பின் இருக்கையிலிருந்து. சின்னக் குரல் அவளுக்கு.

கண்ணாடியில் அம்மாவின் முகம் தெரிந்தது. அவள் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். யார் வேணும்னாலும் சொல்லலாம் போல என்றாள். கோபமாக இல்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கிற மாதிரி.

வண்டி நன்றாகப் போகிறது. மேடு பள்ளம் தெரியவில்லை. திரும்பி வந்து ஷோரூம் முற்றத்தில் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. ரிவர்ஸ் போட்டதும் முன்னால் திரையில் பின்பக்கம் தெரியும். காலி முற்றம். வெயில். ஒருவரும் இல்லை. ஆனால் அலாரம் அடித்தது. விட்டு விட்டு, பிறகு விடாமல். ரொம்பப் பக்கத்தில் ஏதோ இருந்தால்தான் அப்படி அடிக்குமாம். சென்சார்ல தூசி இருக்கும் மேடம், தைரியமா எடுங்க என்றாள் அந்தப் பெண்.

தைரியமா எடுங்க.

என் கால் பிரேக்கிலிருந்து வரவில்லை. அம்மா கதவைத் திறந்து இறங்கினாள்; விளக்கு எரிந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். திரைக்குள் வந்தாள். குனிந்தாள், அவளால் குனியவே முடியாது தெரியுமா, குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு கேமராவை நேராகப் பார்த்தாள். முகம் வளைந்து பெரிதாகத் தெரிந்தது. ஒன்றுமில்லை, வா என்று கையைக் காட்டினாள்.

அப்போதும் அடித்துக்கொண்டேதான் இருந்தது.

நான் இறங்கிவிட்டேன். அவர்களே எடுத்து நிறுத்தினார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


*


அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கேள்விக்கு நான் முழுதாகப் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். வேறு செய்தி எதுவும் இதில் கிடையாது.

கதவுச் சத்தம் உனக்குக் கேட்காததற்குக் காரணம், அன்று எண்ணிக்கைக்குப் பிறகு கதவு திறக்கவே இல்லை.

சித்தப்பா வீட்டு முற்றம். எனக்கும் அந்தப் பக்க ஜன்னலுக்கும் நடுவில் பெட்டியும் சுருட்டிய மெத்தையும். அதற்கு அப்பால் சுண்டுவின் இடம். அவள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். செருப்பு ஒன்றைக் காணோம் என்று இறங்கினாள். கையை நீட்டிக் கதவைச் சாத்தினது நான். வீட்டுக்குள் போயிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

நீ சாவியைத் திருப்பினாய். அப்பா ஒண்ணு. அம்மா ரெண்டு. நீ மூணு. நான் நாலு.

அஞ்சும் நான்தான்.

என்னால் அப்போது யார் குரலிலும் பேச முடியும், ஞாபகம் இருக்கிறதா. தலைமையாசிரியை, சித்தப்பாவின் இருமல், நீ பல் துலக்கிக்கொண்டே பேசுவது. சுண்டு குரல்தான் எல்லாவற்றிலும் சுலபம். மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டால் போதும். மெத்தைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னேன். வண்டி நாலடி நகரட்டும், அய்யோ என்னை விட்டுட்டுப் போறீங்களே என்று கத்திக்கொண்டு ஓடி வருவாள், எல்லோரும் சிரிப்போம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். அதற்கு மேல் எதுவுமே நினைக்கவில்லை.

அவள் வீட்டுக்குள் போகவில்லை. செருப்பு சக்கரத்துக்குப் பின்னால் கிடந்தது. உட்கார்ந்து வாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

பின்னால் பார்த்து எடுக்க வேண்டாமா என்று வந்தவர் போனவர் எல்லாம் உன்னைக் கேட்டார்கள். போலீஸ் கேட்டது. அப்பா கேட்டார், ஒரே ஒரு முறை. பின் கண்ணாடியை மறைத்து மெத்தை இருந்தது. நாம் எப்போதும் காதால்தான் பார்த்தோம். அண்ணா, நீ பார்க்காமல் எடுக்கவில்லை. கேட்டுவிட்டு எடுத்தாய். உன் காதில் ஒரு குறையும் இல்லை. உன் காதை நான் ஏமாற்றினேன்.

ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பாய். முதல் நாள் வாய் வரவில்லை. இரண்டாம் நாள் எல்லோரும் ஒரு கதையை முடிவு செய்துவிட்டார்கள்: குழந்தை அஞ்சு சொல்லிவிட்டு மறுபடியும் இறங்கியிருக்கிறது. அதற்குள் போய் ஒளிந்துகொண்டேன். நீ மூட்டை கட்டியபோது கதவருகில் நின்றேன். நான் அழுகிறேன் என்று நினைத்து நீ என் தலையில் கை வைத்தாய்.

உனக்குத் தெரியாதது ஒன்று. அம்மா சுண்டுவின் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் கேட்பாள்: சொல்லிட்டு ஏண்டி இறங்கின? ஆறு வருடமாக. அடுத்த அறையில் இருந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். செத்தவளின் மேல் என் பழி.

அதன் பிறகு யார் மாதிரியும் பேசிக் காட்டியதில்லை. ஆய்வகத்தில் ரத்தக் குழாய்களை எண்ணி அடுக்கும் வேலை எனக்கு. நாலுக்குப் பிறகு நாக்கு நின்றுவிடும். உங்க வீட்டுல அஞ்சே கிடையாதா என்று கூட வேலை செய்பவள் கிண்டல் செய்வாள். தொண்டையைச் செருமினால் உள்ளே அந்தக் குரல் இருப்பது தெரிகிறது. அது வளரவில்லை. ஏழு வயதிலேயே இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டப் போவதில்லை. உறையில் போட்டுத் திறந்தபடி அம்மாவிடம் கொடுத்து, படித்துவிட்டு ஒட்டு என்று சொல்லப் போகிறேன். உனக்கு மட்டும் எழுதிவிட்டு அவர்களிடம் மறைத்தால் அது இன்னொரு ஒளிவிடம்.

மன்னித்துவிடு என்று எழுத வரவில்லை. அது உன்னிடம் இன்னொன்றைக் கேட்பது. நீ ஓட்ட வேண்டும் என்றும் கேட்கவில்லை. உன் காதை உன்னிடமே திருப்பித் தர வேண்டியிருந்தது.

உன் தங்கை

பி.கு.

மறுநாள் எழுதுகிறேன். உறை திரும்பி என்னிடமே வந்தது.

அம்மா சமையலறையில் நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தாள். படத்தை ஆணியிலிருந்து கழற்றினாள். புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, அப்ப நீ சொல்லவே இல்லையாடி என்றாள். அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லவே இல்லையாடி தங்கம், உன்னைப் போய் திட்டினேனே.

அப்பா படித்துவிட்டு ஷெட்டுக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. என்னிடம் இன்னும் பேசவில்லை. பேசுவாரா தெரியாது. ஆனால் காலையில் என் தட்டை அவர் எடுத்து வைத்திருந்தார். ஷெட்டில் சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டிருக்கிறார்: இரண்டு பக்கக் கதவும் திறக்கும்படி எதிர்ச் சுவரில் கட்டியிருக்கும் அலமாரியை உடைத்து எடுத்துவிடப் போகிறாராம். அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

வண்டி மாதக் கடைசி வரை நிற்கும். இருக்கை பின்னால் தள்ளியேதான் இருக்கிறது.

உறையை ஒட்டும் முன் அம்மா பேனாவை வாங்கி அப்பாவிடம் கொடுத்தாள். கீழே இருப்பது அவரவர் கையெழுத்து. ஒரு வரி விட்டிருக்கிறோம். அது உன்னுடையது. கடைசி எண்ணை இனி யாரும் சொல்ல மாட்டோம், அது சுண்டுவுடையது.

ஒண்ணு

ரெண்டு



நாலு