புரூனோனின் பெயர்

க்டினியா,
1978 மார்ச் 3

மதிப்பிற்குரிய கவிஞர் செவெரின் ட்ரோஸ்ட் அவர்களுக்கு,

வணக்கம். நாம் பார்த்துக்கொண்டதில்லை. ஏழு வருடம் முன்பு, தொழிலாளர் கிளர்ச்சியின்போது, இங்கே கப்பல் கட்டும் தளத்துக்கு வேலைக்குப் போகிற வழியில் ராணுவம் சுட்டுக் கொன்ற புரூனோன் ஃபோர்மெலாவின் மனைவி நான். உங்கள் கவிதையில் வரும் அதே புரூனோன். தபாலைப் பிரித்துப் படிப்பார்கள் என்பதால் இதைத் தங்கையிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அவர் பெயரைச் சொல்ல நாங்களே பயந்தபோது நீங்கள் எழுதினீர்கள். அழுதுகொண்டே படித்தேன். ஆனால் அந்தக் கவிதை ரகசியமாகக் கைமாறும்போதெல்லாம் என்னை விசாரணைக்கு அழைக்கிறார்கள். மகள் இர்மினா மருத்துவம் படிக்க விண்ணப்பித்திருக்கிறாள். "உங்க வீட்டுக்காரர் பேரு இப்படிச் சுத்திக்கிட்டிருந்தா பொண்ணுக்கு எப்படிம்மா இடம் கிடைக்கும்?" என்றார் அதிகாரி.

பெயரை மட்டும் எடுத்துவிடுவீர்களா? கேட்கவே கூசுகிறது.

மெலானியா ஃபோர்மெலா


வார்சா,
மார்ச் 19

அன்புள்ள மெலானியா,

"பேரை எடுத்துடுங்க, வீட்டுக்குப் போகலாம்" என்று என்னிடமும் சொன்னார்கள். மாட்டேன் என்று சிறையில் இருந்தேன். ஆனால் அவர்கள் கேட்டதும் நீங்கள் கேட்பதும் ஒன்றல்ல.

அடுத்த பதிப்பில் 'ஒருவன்' என்றுதான் இருக்கும். மறைவாக அச்சடித்துத் தரும் நண்பன் சண்டைக்கு வந்துவிட்டான். "என்னடா, பயந்துட்டியா?" என்றான். "ஆமாடா, வயசாகுதுல்ல" என்றேன். நீங்கள் கேட்டது வெளியே தெரிந்தால் உங்களுக்குத்தான் தொல்லை. நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். இர்மினா படிக்கட்டும்.

செவெரின்


க்டினியா,
1990 அக்டோபர் 14

அன்புள்ள செவெரின்,

நுரையீரல் எப்படி இருக்கிறது? புகைபிடிப்பதை விட்டீர்களா என்று டாக்டர் இர்மினா கேட்கச் சொன்னாள்.

உங்கள் எழுபதாவது பிறந்தநாள் கூட்டத்தை இங்கே நூலகத்தில் நடத்தினார்கள். பேராசிரியர் ஒருவர், "பெரிய கவிஞர்தான். ஆனா அந்த ஒரு இடத்துல வளைஞ்சுட்டாரு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து, "அவர் வளையலைங்க. நான்தான் எடுக்கச் சொன்னேன். அந்த 'ஒருவன்' என் வீட்டுக்காரர்" என்றேன். கூட்டம் முடிந்ததும் பேராசிரியர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இத்தனை வருடம் இந்தப் பேச்சையெல்லாம் தாங்கியிருக்கிறீர்கள். ஆட்சிதான் மாறிவிட்டதே, இப்போது பயப்பட யாருமில்லையே, இதைப் பற்றி எனக்கு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? புதிய பதிப்பில் அவர் பெயரைத் திரும்பப் போடுங்கள்.

மெலானியா


வார்சா,
மருத்துவமனையிலிருந்து,
நவம்பர் 2

அன்புள்ள மெலானியா,

பெயரைப் போட்டாயிற்று, அச்சுக்கும் போய்விட்டது. புகையையும் விட்டாயிற்று, இர்மினாவுக்குப் பயந்துதான்.

வீடுகளிலும் தேவாலயங்களிலும் அந்தக் கவிதையைப் படிக்கும்போதெல்லாம், 'ஒருவன்' வரும் இடத்தில் தானாக நின்றுவிடுவேன். மூச்சு வாங்குகிறது என்று நினைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். வாங்கிக் குடிப்பேன்.

நேற்று இங்கே நர்ஸ் கேட்டதால் படித்துக் காட்டினேன். இப்போது எனக்கு உண்மையிலேயே மூச்சு வாங்குகிறது. ஆனால் அந்த இடத்தில் நிற்கவில்லை.

உங்கள்
செவெரின்