சட்டையின் பின்பக்கம்

மார்ச் 4

ஜாமீனில் வீடு வந்து சேர்ந்தேன். பிரசவ வார்டை மூடாதே என்று ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் போட்டேன். கூட்டம் கேட்டைச் சாய்த்துவிட்டது. தூண்டியது நான்தானாம். என் பேச்சுக்கு இவ்வளவு மரியாதை தந்த முதல் ஆள் அந்த இன்ஸ்பெக்டர்தான்.

மார்ச் 11

வக்கீலம்மா வீடியோவைப் போட்டுக் காட்டினார். நான் மைக்கில் முழங்குகிறேன். பின்னால் நின்று என் சட்டையை இரண்டு முறை இழுக்கிறான் என் சிநேகிதன்; பிரேக் என்றுதான் அவனைக் கூப்பிடுவோம். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட வருகிறவன். மேடையில் எனக்குப் பின்னால் நிற்பதுதான் அவன் வேலை. ஒரு இழுப்பு: ஜனம் கொட்டாவி விடுகிறது. இரண்டு: போதும், இறங்கு.

“ஆபத்தான பேச்சுன்னு கூட இருந்தவருக்கே தெரிஞ்சிருக்குன்னு சொல்லுவாங்க. நீங்க அறுக்குறீங்கன்னுதான் இழுத்தேன்னு அவர் வந்து சொல்லணும் சார்” என்றார்.

ஆக, நான் அறுவை என்று நிரூபணமானால் விடுதலை. மனைவி தானும் சாட்சிக்கு வரத் தயார் என்றாள். அவளை அவ்வளவு உற்சாகமாகப் பார்த்து வெகுநாளாயிற்று.

ஜூலை 2

பிரேக் போனை எடுக்கவில்லை.

ஜூலை 5

நேரிலேயே போனேன். வாசலில் அவன் செருப்பு. “அவரு வெளிய போயிருக்காருண்ணே” என்றாள் அவன் மனைவி. வெறுங்காலோடா? கேட்கவில்லை. வழக்கில் அவன் பெயரும் இருந்தது. போன வாரம் எடுத்துவிட்டார்களாம், டீக்கடையில் பேச்சு. நான் கிளப்பாத வதந்தியை நான் நம்புவதில்லை.

அக்டோபர் 19

பிரேக் கூண்டில் ஏறினான், அரசுத் தரப்புச் சாட்சியாக. ஏன் இழுத்தீர்கள் என்று அரசு வக்கீல் கேட்டார்.

“இவரு பேச்சால கலாட்டா வந்துடும்னு பயந்துதாங்க இழுத்தேன்.”

டேய், முப்பது வருஷமா இழுக்குறியே... அப்பல்லாம் என்னடா கலாட்டா வந்துச்சு? ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பாத்திருக்கலாம்ல?

என் பேச்சில் ஒரு வேகம் இருக்கிறது என்று இவன் வாயால் ஒருநாளாவது கேட்க ஆசைப்பட்டிருக்கிறேன். சொல்லிவிட்டான்.

நவம்பர் 8

இரண்டு வருஷம். தண்டனையைச் சொல்வதற்கு முன் ஏதாவது பேச வேண்டுமா என்றார் நீதிபதி. பேசினேன். நடுநடுவே நிறுத்தி, பின்னால் இழுப்பு வருமா என்று காத்துப் பார்த்தேன். எங்கே முடிப்பதென்று தெரியாமல் மறுபடி பேசினேன். கடைசியில் நீதிபதிதான் போதும் என்றார்.

சரணடைய திங்கள் வரை அவகாசம். கோர்ட்டுக்குப் போட்டுப் போய் வந்து துவைக்கப் போட்ட சட்டையை மனைவி கையில் எடுத்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இஸ்திரி போட்டது அப்படியே இருக்குங்க” என்றாள்.