பலகையில் கட்டம் இல்லாத வேலை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? தம்பிக்கு ஒருவழியாக ஓட்டுநர் உரிமம் கிடைத்துவிட்டது, இனி தெருவில் நடக்கிறவர்கள்தான் பத்திரமாக இருக்க வேண்டும்.

உன் ஆராய்ச்சியில் தத்துவப் பகுதியை நீக்கிவிடப் போவதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. நிறுவனங்களைப் பற்றிப் படிக்கிறவளுக்குத் தத்துவம் எதுக்குடி, சோறு போடுமா என்று போனில் வாயை விட்டவள் நான்தானே. எத்தனைன்னு எண்ணுறதுக்கு முன்னாடி எதை வேலைன்னு சொல்றோம்னு கேக்கணும்மா என்றாய் நீ. நான் சிரித்தேன். போன வாரம் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. எங்கள் மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் புது மேலாளர் வந்து, மணிக்கு யார் எத்தனை படுக்கை விரிப்பு மடிக்கிறார்கள் என்று சுவரில் பலகை மாட்டினார். ஆமை என்று நாங்கள் கூப்பிடும் பெண்ணுக்குத் தினமும் கடைசி இடம். அவளை வேலையை விட்டு நிறுத்தும் தாளில் மேற்பார்வையாளராக நான் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் திறந்தேன், உன் கேள்வி குறுக்கே வந்து நின்றது. எழுந்துபோய் அவள் மேசையருகே நின்று பார்த்தேன். ஒவ்வொரு விரிப்பையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கையுறை போட்ட விரலால் ஓரமெல்லாம் நீவிவிட்டுத்தான் மடிக்கிறாள். பக்கத்தில் ஒரு டப்பா, அதில் அந்த வாரம் மட்டும் பதினொரு ஊசிகள், வார்டில் விரிப்போடு தவறவிட்டவை. ஏண்டி சொல்லலை என்றேன், யாரும் கேக்கலையேக்கா என்றாள். டப்பாவை மேலாளர் முன்னால் வைத்து, இதுக்குப் பலகையில எந்தக் கட்டம் சார் என்று கேட்டுவிட்டேன். மனிதர் கெட்டவர் இல்லை, ஊசிகளைப் பார்த்துவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டார். இப்போது எல்லோரும் நீவிப் பார்த்துத்தான் மடிக்கிறார்கள், விரிப்பு தாமதம் என்று வார்டிலிருந்து எனக்குத் திட்டு விழுகிறது, விழட்டும். உறுத்துவது வேறு. அவளுக்கு ஆமை என்று பேர் வைத்ததே நான்தான். ஆறு வருஷம் பக்கத்திலேயே இருந்தும் ஏன் மெதுவாகச் செய்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தப் பகுதியை நீக்காதே கண்ணு. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, புரியாத இடத்தில் கேள்வி கேட்பேன், சலித்துக்கொள்ளாமல் பதில் சொல். காதை மூடிக்கொண்டு வெளியே போ, அங்கே குளிர் அதிகம். நோய் நொடி அண்டாமல், நினைத்ததை முடித்து நிறைவாக இரு.

இப்படிக்கு,
காலம் கடந்து உன்னிடம் பாடம் கேட்கும்
அம்மா