பெயர்க் கட்டத்தில் சித்தப்பா எழுதியது

தின்கன்ஜூன், பர்மா,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து.

அன்பு மகள் ஷாரோனுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் பாதியில் கரண்டு போய்விடுகிறது, முத்திரை போட்ட அசல் உறுதித்தாளும் இந்த உறையில் வருகிறது, அதனால் கடிதமாகவே எழுதி, அந்தப் பக்கம் வருகிற நம் பக்கத்து வீட்டு தஸ்லீமா டீச்சரின் மகள் உஸ்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். மாதக் கடைசிக்குள் பெயர் சரியாகவில்லை என்றால் பயிற்சி வேலையை நிறுத்திவிடுவார்கள், வேலை போனால் விசாவும் போகும் என்று நீ அழுதாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் சித்தப்பா சூசைராஜ் செய்ததை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். லத்தா கடைத்தெருவில் மேசை போட்டு இருபது வருடமாக ஊருக்கெல்லாம் வெளிநாட்டு விண்ணப்பப் பாரம் நிரப்புகிறவன். இங்கே பர்மாப் பெயரில் குடும்பப் பெயர் என்று தனியாக எதுவும் கிடையாது, வீட்டில் ஷாரோன் என்றாலும் உன் பாஸ்போர்ட்டில் தின் தின் ஏ என்று மட்டும்தான் இருக்கிறது, யூனிவர்சிட்டி பாரத்தில் பெயருக்கு இரண்டு கட்டம் இருக்கிறதே என்ன செய்வது என்று அன்றே கேட்டேன். இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு, நீங்க போயி டீ குடிங்க அண்ணி என்றான். ஒரு கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று, பெண்பிள்ளைகளை மரியாதைக்காகக் கூப்பிடுகிற ‘மா’வைத் தூக்கி அதில் உன் பெயராக எழுதிவிட்டான். வயதானால் உன்னை டோ என்று கூப்பிடுவார்களே, அப்போது வந்து பெயரை மாற்றித் தருவானா. யூனிவர்சிட்டி தாளைப் பார்த்து பேங்கில் உன்னை மா என்று பதிந்துவிட்டார்கள், பாஸ்போர்ட்டைப் பார்த்து வந்த அரசாங்க நம்பரில் மா இல்லை, இரண்டும் ஒத்துப்போகாமல் உன் சம்பளம் போன வழியே திரும்புகிறது.

தப்பு யாருக்கும் வரும், அதைக்கூட விட்டிருப்பேன். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று உறுதித்தாள் எழுத, பாரம் நிரப்பியவன் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் நல்லது என்று வக்கீல் சொன்னார். நாலு தடவை போனேன். முடியாது என்று ஒரு தடவையும் சொல்லவில்லை, நாளைக்கு வாங்க அண்ணி, நாளைக்கு வாங்க என்றே சொன்னான். கையெழுத்துப் போட்டால் தன் தப்பு எழுத்தில் வந்துவிடுமே. போன ஞாயிறு கோயில் வாசலில் பத்துப் பேருக்கு முன்னால், அந்தப் புள்ள ரெண்டு பேர வச்சிக்கிட்டு அங்க ஏமாத்துது, சீக்கிரம் திருப்பி அனுப்பிடுவான் பாருங்க என்றானாம். உன் ஞானஸ்நானத்தில் உன்னைக் கையில் ஏந்தி நின்றவன் அவன்.

கடைசியில் தஸ்லீமா டீச்சர்தான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த நாளே நான் லத்தாவில், அவன் மேசைக்கு நேர் எதிரே, மொகிங்கா சூப் விற்கிறவளிடம் கேட்டு அவள் கடை ஓரத்தில் ஒரு மேசை போட்டுவிட்டேன். துறைமுக ஆபீசில் முப்பது வருடம் டைப் அடித்த கை இது, சும்மா இருக்குமா. மா, கோ, டோ இவற்றை இங்கே பெயராக எழுத மாட்டோம், அப்படி வேண்டுவோர் எதிர் மேசைக்குப் போகவும் என்று பலகை எழுதி வைத்திருக்கிறேன். படிக்கிறவர்கள் எல்லாம் திரும்பி அவனைப் பார்க்கிறார்கள். தம்பிதானே, விட்டுவிடு என்கிறார் அப்பா. அவர் தம்பியை அவர் விடட்டும், நான் விடப்போவதில்லை.

நீ முதலில் இந்தத் தாளோடு யூனிவர்சிட்டி ஆபீசுக்குப் போய் அவர்கள் பதிவைத் திருத்தி வாங்கு, பிறகு பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு பேங்குக்கு நேரில் போ, போனில் சொல்லி முடிக்கப் பார்க்காதே. பழைய கணக்கை மூடிவிடாதே, பெயரை மட்டும் மாற்றச் சொல். கொடுத்ததற்கெல்லாம் ரசீது வாங்கு. யார் கூப்பிட்டு ரகசிய நம்பர் கேட்டாலும் சொல்லாதே. சித்தப்பா மன்னிப்பு என்று ஏதாவது அனுப்பினால் நான் சொல்லும் வரை பதில் போடாதே.

இன்னொன்றும் கேள். வியாழக்கிழமை மத்தியானம், தகப்பன் சாப்பிடப் போன நேரம் பார்த்து அவன் மகன் ஜேம்ஸ் தன் காலேஜ் பாரத்தோடு என் மேசைக்கு வந்தான். அப்பா எழுதுனா பயமா இருக்கு, நீங்களே எழுதிக் குடுங்க பெரியம்மா என்றான். ஆண்பிள்ளைக்குச் சொல்கிற ‘மாங்’ என்பதை முதல் கட்டத்தில் எழுதிவிட எனக்குக் கை அரித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தான். ஒரு பிழை இல்லாமல் எழுதினேன். நிரப்பியவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டேன். தகப்பன் கையெழுத்துக் கட்டம் அதற்கு நேர் மேலே இருக்கிறது. அதை உன் அப்பா என் மேசைக்கு வந்துதான் போட வேண்டும் என்று ஜேம்ஸிடம் சொல்லிவிட்டு, பாரத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். கடைசித் தேதிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டுதான் பூட்டினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெந்நீர் குடி, ஜெபத்தை விட்டுவிடாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். பேங்க் வேலை முடிந்த அன்றே எனக்குச் சொல்ல வேண்டும், மறந்துவிடாதே. இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட அப்பா மறுத்துவிட்டார், முத்தம் மட்டும் சொல்லச் சொன்னார்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
இராஜகுமாரி

பி.கு. உறையை ஒட்டும் முன் இதையும் எழுதிவிடுகிறேன். நேற்றுச் சாயங்காலம் சூசைராஜ் பேனாவோடு என் மேசைக்கு வந்து நின்றான். நாளைக்கு வாங்க என்றேன். இன்னும் மூன்று தடவை இருக்கிறது.